பதினெட்டு மில்லி

பிப்ரவரி 4

தம்பி,

நீ அங்கே மெக்கானிக் இல்லை. ஒரு பணக்காரரின் கார்களை ஒரு துணியால் துடைத்து, இன்னொரு துணியால் மூடி வைக்கிற ஆள். பதினோரு மாதமாக எங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

நம் பட்டறைக்கு இரும்பு இறக்க வரும் லாரிக்காரர் சொன்னார். போன வாரம் அந்த வீட்டுக்கு ஒரு பழைய காரை ஏற்றிக்கொண்டு போனாராம். "உங்க தம்பியப் பாத்தேம்மா. கையில மஞ்சத்துணி. என்னைப் பாத்ததும் ஒரு காருக்குப் பின்னால போய் குனிஞ்சுக்கிட்டான்" என்றார். துடைக்கிற வேலை கேவலம் இல்லை. குனிந்து ஒளிந்தாயே, அதுதான் கேவலம்.

உள்ளே போன் அனுமதி இல்லை, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்றாயே, அதையாவது நம்பலாமா? பதினெட்டு கார் வைத்திருப்பவருக்கு உன் உடைந்த போனைப் பார்த்து என்ன பயம்?

நீ போன பிறகு உன் கடைசல் லேத்தில் யாரையும் போடவில்லை. என்னுடையதோடு அதையும் நானே ஓட்டுகிறேன். கண்ணுக்குக் கண்ணாடி கேட்டால் மேஸ்திரி, "கண்ணை மூடிக்கிட்டு வேலை பாரு, துகள் போகாது" என்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை. மற்றபடி இரண்டு பேரும் பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதைக் கடைசியில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அது உன் தப்பு.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன், ஒரு சுற்று பருத்தும் இருக்கிறேன். அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடத்தை விடாதே. நீ திட்டினாலும் கடிதம் வந்ததே சந்தோஷம். உறையின் வாய் பிசுபிசு என்று இருந்தது. இரண்டு தரம் பசை போட்டாயா?

ஆமாம், துடைக்கிறேன். அது பாதி நாள்தான். மீதி நாள் மெக்கானிக் வேலையேதான். பட்டறை என்றதும் நம்முடையதை நினைக்காதே. தரையில் முகம் பார்க்கலாம். ஜாக்கி, டூல்ஸ், லேத் எல்லாம் இருக்கிறது. நம் லேத்தைப் போல மூன்று மடங்கு பெரிது.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். இங்கே இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. அறுபது வயது. தரையோடு தரையாகப் பதுங்கி இருக்கும். நான் அதற்குத் தவளை என்று பெயர் வைத்திருக்கிறேன். அதன் சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லி. முதலாளியின் நண்பர் ஒருவர் தன் காருக்கு அகலமான அலாய் வீல் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து நம் ஆளுக்குத் தூக்கம் இல்லை. அவரும் வரவழைத்துவிட்டார். பழையதைவிட இரண்டு அங்குலம் அகலம். மாட்டிப் பார்த்தால் பின்பக்கம் டயரின் உள்விளிம்பு, அடியில் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் உரசுகிறது. சக்கரத்துக்கும் அது பொருந்தும் ஹப்புக்கும் நடுவே ஒரு தட்டு வைத்துக் கொஞ்சம் வெளியே தள்ளினால் சரியாகிவிடும். தடிமன் பன்னிரண்டு மில்லி. இரண்டு தட்டு வேண்டும். படம் வைத்திருக்கிறேன்.

"எங்க அக்கா கையால செஞ்சா பிசிறே இருக்காது சார்" என்று முதலாளியிடமே சொல்லிவிட்டேன். என் மானம் உன் கையில்.

தம்பி


மார்ச் 2

தம்பி,

தட்டு இரண்டும் பார்சலில் வருகிறது. வழக்கம்போலத்தான் செய்திருக்கிறேன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லேத் இருக்கிறது என்றாயே, நிம்மதி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த போல்ட்டுகள் மெல்லிய இரும்புச் சக்கரத்துக்கு என்று போட்டவை. அலாய் வீலின் நடுப்பகுதி தடிமனாக இருக்குமே? அதற்கு மேல் தட்டும் வைத்தால் நட்டு பிடிக்க மீதி எவ்வளவு இருக்கும்? எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். அதற்குக் குறைந்தால் போல்ட்டையே மாற்றிவிடு.

ஒல்லிச் சக்கரத்தில் அறுபது வருடம் ஓடிய வண்டி. அதற்கு என்ன குறை வந்தது? நேற்று நான் வேலைக்கு வந்த பஸ்ஸில் பிரேக் பிடிக்கவில்லை. டிரைவர் கியரைக் குறைத்துக் குறைத்து ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தினார். உள்ளே எழுபது பேர். அதற்குச் செலவழிக்க ஆள் இல்லை. நின்று அழகு பார்க்கிற வண்டிக்கு மட்டும் புதுச் சக்கரம்.

அம்மாவின் கால் கொஞ்சம் பரவாயில்லை. உன் பருமனை நம்பமாட்டேன் என்கிறாள். மார்புச் சளி திரும்ப வந்ததா? ஈரத் தரையில் படுக்காதே.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இங்கே கடிதம் போய்வர ஒரு முறை இருக்கிறது. எல்லாம் மேனேஜர் வழியாகத்தான். அவர் இடுப்பில் சாவிகள் குலுங்க நடப்பதால் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். உள்ளே வருகிற பார்சலையும் அவர்தான் பிரிப்பார். உன் தட்டுகளை என்னிடம் தருவதற்கு முன்பே கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார். "வெறும் இரும்பா தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றார்.

மாட்டியாகிவிட்டது! டயர் எங்கேயும் உரசவில்லை. உன் கணக்குக் கேள்விக்குப் பதில்: போல்ட் முப்பத்தெட்டு மில்லி நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரத்துக்குப் பதினாலு, தட்டுக்குப் பன்னிரண்டு. மீதி பன்னிரண்டு. ஒரு சுற்றுக்கு ஒன்றரை என்றால் எட்டுச் சுற்று. சரிதானே?

நட்டுகளை மாட்டியது யார் தெரியுமா? முதலாளியேதான். போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மண்டியிட்டு, ஒவ்வொரு நட்டாக அவரே சுற்றினார். தலை மூடிய நட்டு, வெள்ளி மாதிரி மின்னுகிறது. கடைசி இறுக்கம் மட்டும் நான். போட்டோவில் என் கை விழக்கூடாது என்று சாவிக்கொத்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மே பதினேழாம் தேதி பழைய கார்கள் எல்லாம் வரிசையாக ஒரு மலைப்பாதையில் இறங்கப் போகின்றன. முதலாளி ஓட்டுவார். வழியில் ஏதாவது என்றால் பார்க்க, பக்கத்து இருக்கையில் நான். கார்ச் சொந்தக்காரர்களுக்கு நடுவே நான்! அம்மாவிடம் இதை முதலில் சொல்.

மதில் ஓரமாக ஓட்டிப் பார்த்தோம். வேகமாகப் போனால் பின்னால் இருந்து லேசாக ஒரு நடுக்கம். புது டயர் அப்படித்தான் என்கிறார்கள்.

தட்டு அற்புதம். அப்படியே மாட்டிவிட்டேன். கடைசல் வேலையே வைக்கவில்லை நீ.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

அப்படியே மாட்டினேன் என்றால் என்ன அர்த்தம்?

ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றோம். முதல் கடைசல் நான், கடைசிக் கடைசல் நீ. நீ என்ன அளவு சொன்னாலும் பக்கத்துக்கு மூன்று மில்லி விட்டுத்தான் உன் பக்கம் தள்ளுவேன். நீதான் அளவுக்கு இறக்குவாய். ஒரு நாளாவது இதை நாம் வாயால் பேசியிருக்கிறோமா? இன்னும் முடியாத சாமான் என்பதற்கு அதன் முகத்தில் பஞ்ச்சால் குத்தி ஒரு புள்ளி வைப்பேனே, அதைப் பார்க்கவில்லையா? பெயின்ட்டுக்கு அடியில் போய்விட்டதா?

நீ மாட்டியிருப்பது பன்னிரண்டு இல்லை, பதினெட்டு. நீயே கணக்குப் போடு. எட்டு இல்லை, நாலு சுற்று.

இன்றைக்கே ஒரு நட்டைக் கழற்றி எண்ணிப் பார். கழற்றி லேத்தில் போட்டு இறக்கு. அதுவரை அந்த வண்டியை யாரும் நகர்த்தக்கூடாது. உடனே பதில் போடு.

நாங்கள் சுகம்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

இங்கே லேத் இல்லை.

உன்னிடம் பெருமைக்குச் சொன்னேன். துணி, தண்ணீர்க் குழாய், ஜாக்கி, ஒரு பெட்டி ஸ்பேனர். அவ்வளவுதான். பெரிய வேலை என்றால் வெளியே இருந்து ஆள் வருவார்கள். சக்கரம் மாட்டுவதை நானே கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். பொய் சொன்னவன் அந்தப் பொய்யையே மறந்துவிட்டேன். இங்கே எல்லாமே முடித்த சாமானாகப் பெட்டியில் வருகிறது. உன் தட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். கையில் எடுத்தபோது கனமாகத்தான் தெரிந்தது. முதலாளி பக்கத்தில் நின்றார், போட்டோக்காரர் காத்திருந்தார். அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

உன் கடிதம் பதினைந்தாம் தேதிதான் என் கைக்கு வந்தது. அன்றைக்கே எண்ணினேன். நாலு சுற்று. சாவிக்கொத்திடம் போனேன்.

"அண்ணே, பின்சக்கரத்துல நட்டு நாலு சுத்துதான் பிடிக்குது. எட்டு வேணும்."

"பிடிக்குதுல்ல?"

"பிடிக்குது, ஆனா..."

"பிடிக்குதுன்னு நீயே சொல்லிட்ட. அப்புறம் என்ன ஆனா?"

மறுநாள் முதலாளி கார்களைப் பார்க்க வந்தபோது அவரிடமே சொன்னேன். "பழைய சக்கரத்த மாட்டிடலாம் சார். ஒரு மணி நேர வேலை" என்றேன்.

"அவனுங்க எல்லாம் கார்ல வருவாங்க, நான் சைக்கிள்ல போறதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, "இந்த வண்டி நீ பொறக்கறதுக்கு முன்னாடியே மலை ஏறி இறங்கினது. பயமா இருந்தா பக்கத்துல உக்கார்ந்து பிடிச்சுக்க" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். போகும்போது திரும்பி, "தட்டு செஞ்சது யாருன்னு சொன்னே?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். உன் பெயர், பட்டறை, முகவரி எல்லாவற்றையும் சாவிக்கொத்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். சொல்லியிருக்கக் கூடாது இல்லையா?

நேற்றிலிருந்து கார் ஷெட் சாவி என்னிடம் இல்லை. துடைக்கும்போது மட்டும் திறந்துவிடுகிறார்கள். என் சான்றிதழ்கள் சாவிக்கொத்தின் அலமாரியில் இருக்கின்றன.

இந்தக் கடிதத்தைப் பால்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே. கால் எப்படி இருக்கிறது?

தம்பி


ஏப்ரல் 26

தம்பி,

உன்னைத் திட்ட நேரம் இல்லை. என்னைத் திட்டிக்கொள்ளவும் நேரம் இல்லை. ஒரு வரி எழுதி வைத்திருந்தால் போதும், "ஆறு மில்லி விட்டிருக்கிறேன்" என்று. எழுதவில்லை. நீ லேத் இருக்கிறது என்றாய், நான் வாய் பேசவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்திருக்கிறோம்.

புதிதாக இரண்டு தட்டு இத்துடன் வருகிறது. பன்னிரண்டு, முடித்தது, மூன்று பேரை வைத்து அளந்தது. மேஸ்திரிக்குத் தெரியாமல் சாப்பாட்டு நேரத்தில் கடைந்தேன். பெட்டியின் மேல் மேனேஜர் பெயரே போட்டிருக்கிறேன், உள்ளே அவருக்கும் விளக்கமாக எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்தானே, படிக்கட்டும்.

மாற்ற விட்டால் மாற்று. விடாவிட்டால் அந்த வண்டியில் உட்காராதே. வயிற்றுப்போக்கு என்று சொல். பொய் சொல்ல உனக்கு நான் கற்றுத் தர வேண்டுமா? சான்றிதழ் போனால் போகட்டும். கேட்டைத் தாண்டி வந்துவிடு. உன் லேத் காலியாகத்தான் இருக்கிறது.

அவருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. மலையில் சக்கரம் கழன்றால் அவருக்கு நல்ல டாக்டர் வருவார், நல்ல வக்கீலும் வருவார். உனக்கு யார் வருவார்கள்? நான் இரண்டு நாள் ரயிலில் வர வேண்டும்.

அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மலைப்பாதைக் காரைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

அக்கா


மே 9

அன்பும் மதிப்பும் மிக்க சகோதரிக்கு,

இங்கு நான் பூரண நலத்துடன் இருக்கிறேன். அங்கு தாங்களும் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நிர்வாகம் என்னை மிகவும் நன்றாகக் கவனித்துக்கொள்கிறது.

பின்சக்கரங்களை நானே பரிசோதித்தேன். அனைத்தும் திருப்திகரமாக உள்ளன. சக்கரங்களைப் பொருத்தியது முழுவதும் என் சொந்தப் பொறுப்பில் நடந்தது. முதலாளி அவர்களுக்கோ மேனேஜர் அவர்களுக்கோ ஸ்பேசர் தட்டின் அளவு பற்றி எதுவும் தெரியாது.

பதினேழாம் தேதி நடக்கும் நிகழ்ச்சியில் என் சொந்த விருப்பத்தின் பேரில் கலந்துகொள்கிறேன். இனி இது குறித்துத் தாங்கள் எழுத வேண்டாம்.

தங்கள் அன்புச் சகோதரன்


மே 16

தம்பி,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நாளைக்குப் பதினேழு. இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், சும்மா உட்கார முடியவில்லை.

கை உன்னுடையது. வாய் உன்னுடையது இல்லை. என்றைக்குடா நீ என்னைத் "தாங்கள்" என்றாய்? அம்மா எப்போது உனக்குத் தாயார் ஆனாள்? யார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினாய்?

நான் அனுப்பிய தட்டு வந்ததா என்று ஒரு சொல் இல்லை. வந்திருக்கிறது. மேனேஜர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார், ரசீது என்னிடம் இருக்கிறது.

அந்த வீட்டுக்குக் காலையிலிருந்து நாலு தரம் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "வேலையாளுங்களக் கூப்பிட மாட்டோம்." "உசுரு போற விஷயம்மா." "லெட்டர் போடுங்க." வைத்துவிட்டாள்.

இதோ போடுகிறேன். மாற்றினாயா, இல்லையா? உட்கார்ந்தாயா, இல்லையா?

அக்கா


ஜூன் 2

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம் என நம்புகிறோம்.

கடந்த மே 17 அன்று எங்கள் முதலாளி அவர்களின் வாகனம் ஒன்றுக்கு, பின்சக்கரம் கழன்றதால் சேதம் ஏற்பட்டது. இறைவன் அருளால் முதலாளி அவர்கள் நலமாக உள்ளார்கள்.

சேதத்துக்கான காரணத்தைப் பதிவு செய்யும் பொருட்டு, இத்துடன் ஒரு வாக்குமூலம் இணைக்கப்பட்டுள்ளது. "பின்சக்கர ஸ்பேசர்களை, கேட்கப்பட்ட பன்னிரண்டு மில்லிக்கு மாறாக, பதினெட்டு மில்லி தடிமனில் நானே தயாரித்து அனுப்பினேன்" என்பது அதன் சாரம். கையொப்பமிட்டு உடனே அனுப்பி வைக்கவும்.

தங்கள் சகோதரர் மேற்படி தேதியிலிருந்து பணியில் இல்லை. அவரது துணிகளும் சான்றிதழ்களும் அடங்கிய பெட்டி தனியே அனுப்பப்படுகிறது. பெற்றுக்கொண்டதற்கு ரசீது அனுப்பவும்.

தாயாரின் முழங்கால் விரைவில் குணமாக வாழ்த்துகிறோம்.

மேனேஜர்


ஜூன் 9

மேனேஜருக்கு,

அம்மாவின் முழங்கால் பற்றி நான் உங்களுக்கு எழுதவில்லை. தம்பிக்கு எழுதினேன்.

முதலாளி நலம் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டிக்குச் சேதம் என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாவது ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை. "பணியில் இல்லை" என்றால் என்ன? நின்றுவிட்டானா, ஓடிவிட்டானா, படுத்திருக்கிறானா? எந்த ஆஸ்பத்திரி? ஓடிப்போகிறவன் தன் சான்றிதழையும் சட்டையையும் விட்டுவிட்டா ஓடுவான்?

பெட்டி வந்தது. அம்மா ஒவ்வொரு சட்டையாக எடுத்து உதறி மடித்து வைத்தாள். "பெட்டிய முன்னாடி அனுப்பிட்டு பின்னாடி வர்றான் போல" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

உங்கள் வாக்குமூலத்தில் இருப்பது பொய் இல்லை. பதினெட்டு மில்லி நான் கடைந்ததுதான். ஏப்ரல் மாதமே அதை உங்களுக்கு எழுதி, சரியான தட்டையும் அனுப்பினேன். அதையும் சேர்த்து எழுதிக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

அதற்கு முன் என் தம்பி எங்கே என்று எழுதுங்கள்.


ஜூலை 6

மேனேஜருக்கு,

தம்பி எங்கே என்று கேட்டு இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் பதில் இல்லை.

போன வாரம் உங்கள் கேட்டுக்கு வந்தேன், உங்களுக்குத் தெரியும். மாடி ஜன்னலில் நின்று பார்த்தீர்கள். வாட்ச்மேன், "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இருந்தவன்தானே?" என்று கேட்டேன். "வெயில்ல நிக்காதீங்க, அப்படி ஓரமாப் போங்க" என்றார். இரண்டு நாள் அந்த ஓரத்திலேயே நின்றேன்.

அங்கே காவல் நிலையத்தில், மலை எங்கள் எல்லை இல்லை என்றார்கள். மலையடி நிலையத்தில் நோட்டைப் புரட்டிக் காட்டினார்கள். மே பதினேழு: ஒரு வாகனம், ஒரு நபர், காயம் இல்லை. மலை ஆஸ்பத்திரியில் அன்றைய பக்கத்தில் பெயர் தெரியாதவர் என்றுகூட யாரும் இல்லை. ஒரு நபர் என்று எழுதியது யார்? யார் சொல்லி எழுதியது?

இரண்டாம் நாள் கேட் திறந்தபோது அந்த வண்டியைப் பார்த்தேன். பழைய ஒல்லிச் சக்கரங்களை மாட்டியிருக்கிறீர்கள். ஒரு மணி நேர வேலைதானே. டிரைவர் பக்கம் பழைய பெயின்ட் அப்படியே இருக்கிறது. பக்கத்து இருக்கைக் கதவு மட்டும் புதிது. யாரோ ஒருவன் மஞ்சள் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பார்த்தேன். என் தம்பி இல்லை.

உங்களை நான் காசு கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தால் எந்தக் கட்டிலில் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் எந்த மண்ணில் என்று சொல்லுங்கள்.

பதில் எழுதுங்கள். என் தம்பி எங்கே?